குழல் திரும்பிய பக்கம்

பதினொரு வயதில் எனக்கு ஒரு உத்தியோகம் இருந்தது. வீட்டுக்கு மொழிபெயர்ப்பாளர். டாக்டரிடம், வங்கியில், குடியிருப்புக் கூட்டத்தில், எங்கே போனாலும் அம்மா என்னை முன்னால் தள்ளிவிட்டுத் தான் பின்னால் நிற்பார். அப்பாவுக்கு மொழி தெரியும், ஆனால் அவர் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். ஆளை வீட்டில் பிடிக்க ஏலாது. ஒஸ்லோவின் ஓரத்து ஹொல்ம்லியாவில் பிறந்து வளர்ந்த எனக்கு நோர்வே மொழி தண்ணிபட்ட பாடு. தமிழ்தான் நொண்டும். இரண்டையும் ஒத்துப்பார்க்க ஆளில்லாதபடியால் அது வெளியே தெரியவில்லை. என் பள்ளிக்கூடத்துப் பெற்றோர் சந்திப்பையே நான்தான் மொழிபெயர்த்தேன். "வகுப்பில் வாய் ஓயாமல் கதைக்கிறாள்" என்று ஆசிரியை சொன்னதை, "வகுப்பில் நல்லாப் பங்குபற்றுறாளாம்" என்று அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா பூரித்துப்போய் ஆசிரியையின் கையைப் பிடித்துக் குலுக்கினார். இப்படிப்பட்ட ஒரு கெட்டிக்காரியை நம்பித்தான் அம்மாவும் சித்தியும் துவக்குப் பிடிக்கப் போனார்கள்.

அம்மா அப்போது ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். பாத்திரங்களோடு கதைக்க நோர்வே மொழி வேண்டியதில்லை; பத்து வருடத்துக்கு மேலாகியும் அம்மாவின் மொழி அந்தத் தொட்டியைத் தாண்டி வரவில்லை. அங்கே தலைமைச் சமையல்காரியாக இருந்த நோர்வேப் பெண்மணி ஓய்வு நேரத்தில் ஒரு துப்பாக்கிக் கழகத்தில் அங்கத்தவர். புதிதாகத் தொடங்கும் பெண்களுக்கென்று கழகம் ஒரு வகுப்பு வைத்தது. பயம் போகும், தன்னம்பிக்கை வளரும், கோப்பியும் வாஃபிலும் உண்டு என்று அறிவித்தலில் போட்டிருந்தது. அம்மாவின் வேலை நிரந்தரமாவது அந்தப் பெண்மணியின் கையில் இருந்தது. அவர் கூப்பிட்டால் மாட்டேன் என்று சொல்ல முடியுமா? வெடிச் சத்தத்துக்குப் பயந்து மட்டக்களப்பை விட்டு வந்த மனுசி, வேலை நிலைக்க வேண்டும் என்பதற்காகத் துவக்குத் தூக்கச் சம்மதித்தார்.

தனியே போகப் பயந்து சித்தியை இழுத்தார். சித்தி அம்மாவின் ஒரே தங்கை. யுத்தம் முடிந்து, எங்கெங்கோ சுற்றி, இரண்டு வருடத்துக்கு முன்தான் எங்களிடம் வந்து சேர்ந்தவர். என் அறையில், மற்றக் கட்டிலில் படுப்பார். அதிகம் கதைக்கமாட்டார். சுவரில் முதுகு முட்டுகிற கதிரை எதுவோ அதில்தான் இருப்பார். அந்த மாதம் அவருக்குக் கலியாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை பேர்கன் நகரத்தில் ஆஸ்பத்திரியில் வேலை, திருகோணமலை ஆட்கள். சாதகம் பொருந்தி, அவர் பின்னேரங்களில் தொலைபேசியில் கூப்பிடுகிற அளவுக்கு வந்துவிட்டது. சித்தி குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கதைப்பார். சித்திக்குச் சிரிக்கத் தெரியும் என்று நான் அறிந்ததே அந்தக் கதவுக்கு வெளியே நின்றுதான்.

"நான் வரல்ல அக்கா" என்று சித்தி மூன்று தரம் சொன்னார். "சும்மா வந்து பக்கத்துல நில்லு, உன்னை என்ன கடிச்சா திங்கப்போறாங்க?" என்று அம்மா கோபப்பட்டார். சித்தி வந்தார்.

கழகம் ஒரு பள்ளிக்கூடத்து உடற்பயிற்சி மண்டபத்துக்குக் கீழே, நிலவறையில் இருந்தது. சீமெந்துச் சுவர், குளிர், வெடிமருந்து மணம், அதற்கு மேலே வாஃபில் மணம். ஆறு பெண்கள். சொல்லிக்கொடுத்தவர் நோர்வேயின் வடக்குப் பக்கத்துத் தாடிக்காரர் ஒருவர். அவரது பேச்சு அம்மாவுக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. அவர் சுடுவதைப் பற்றிக் கதைக்கவே இல்லை. கால் மணித்தியாலம் பாதுகாப்பைப் பற்றி மட்டும் சொன்னார். எந்தத் துவக்கையும் ரவை ஏற்றிய துவக்கு என்றே நினைக்க வேண்டும். குறி பார்க்கும்வரை விரல் விசைக்கு வெளியே நீட்டி இருக்க வேண்டும். குழல் எப்போதும் இலக்கைப் பார்த்தபடி இருக்க வேண்டும். பின்னால் யார் கூப்பிட்டாலும், வீடே பற்றி எரிந்தாலும், துவக்கை மேசையில் வைத்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும்.

என் தமிழில் அது இவ்வளவுதான்: "கவனமாப் பிடிக்கட்டாம். விரலை உள்ளுக்க விடக்கூடாதாம். தான் சொன்னாப்பிறகு சுடட்டாம்." கடைசியாகச் சொன்னதை நான் விட்டுவிட்டேன். நீளமாக இருந்தது, வாஃபில் வேறு ஆறிக்கொண்டிருந்தது.

முதலில் சித்தி சுட்டார். ஐந்து ரவை. ஐந்தும் தாளில் படவில்லை. தாளுக்கு இடது பக்கத்து மரச்சட்டத்தில், என் பெருவிரலால் மூடிவிடக்கூடிய ஒரே இடத்தில் ஐந்தும் போய் இறங்கியிருந்தன. தாடிக்காரர் கொஞ்ச நேரம் அந்தச் சட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, முதல் நாள் எல்லாருக்கும் இப்படித்தான் என்றார். சித்தி குனிந்துகொண்டார். எனக்கோ மானம் போய்விட்டது. தாளிலேயே படாமல் சுடுகிற ஒரு சித்தி!

அடுத்தது அம்மா. தாடிக்காரர் ஒரு ரவையை ஏற்றிக்கொடுத்து, பின்பூட்டைப் பூட்டச் சொன்னார். அம்மா பூட்டினார். விரல் விசைக்குள் போய்விட்டது. அப்போது தாடிக்காரர் என்னவோ சொன்னார். தோளைக் கொஞ்சம் இறக்கு என்று சொல்லியிருப்பார். காதுமூடி வேறு, அம்மாவுக்கு விளங்கவில்லை. விளங்காவிட்டால் அம்மா பத்து வருடமாக என்ன செய்து பழகினாரோ அதையே செய்தார். பின்னால் நின்ற என் பக்கம் திரும்பினார்.

"என்ன புள்ள சொல்றார்?"

துவக்கும் அவரோடு சேர்ந்து திரும்பியது.

அடுத்து நடந்ததை நான் கண்ணை மூடினால் இன்றைக்கும் பார்ப்பேன். சித்தி எப்படி வந்தார் என்று தெரியாது. இடது கை குழலைப் பிடித்து நிலத்துக்கு அமுக்கியது. வலது கை அம்மாவின் விரலை விசையிலிருந்து கிளப்பியது. பின்பூட்டு இழுபட்டது. ரவை வெளியே தெறித்துச் சீமெந்தில் உருண்டது. துவக்கு மேசையில், பூட்டுத் திறந்தபடி, குழல் இலக்கைப் பார்த்தபடி கிடந்தது. தாடிக்காரர் ஒரு எட்டுத்தான் எடுத்துவைத்திருந்தார். தலைமைச் சமையல்காரி வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

ஆகா! தாளில் படாமல் சுட்ட சித்தி கைவித்தை காட்டிவிட்டாரே என்று எனக்கு ஒரே புளுகம். சந்தோசத்தில் கைதட்டக்கூடச் செய்தேன்.

தாடிக்காரரின் முகம் வெளிறியிருந்தது. கதிரையில் இருந்து தண்ணீர் குடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். இது இரண்டு மூன்று வருடம் துவக்கைக் கையை விட்டு இறக்காமல் வைத்திருந்த ஆளின் கை, எங்கே பழகினவர் என்று கேள் என்றார். கேட்டேன். சித்தி என் முகத்தைப் பார்க்காமல், "ஊர்ல அப்பா வேட்டைக்குப் போறவர், பாத்துப் பழகினன் எண்டு சொல்லு" என்றார். அம்மாவின் அப்பா கோழி அறுப்பதையும் பார்க்கமாட்டாத வாத்தியார் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் சொன்னபடியே சொன்னேன். ரயிலில் வீடு திரும்பினோம். இறங்குகிற நேரத்தில் அம்மா என் தோளைப் பிடித்து, "இதை அப்பாட்ட சொல்லாத" என்றார். சரி என்றேன். அப்பாவிடம் சொல்லவே இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பேர்கனிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளையும் அவரது தாயும். என்ன என்ன சொல்லக்கூடாது என்று அம்மா எனக்குக் காலையிலேயே பாடம் எடுத்திருந்தார். சித்தி நோர்வே மொழிச் சோதனையில் தவறினதைச் சொல்லக்கூடாது. அப்பா குடிக்கிறதைச் சொல்லக்கூடாது. சித்தி ஊரில் பாலர் பாடசாலையில் படிப்பித்தவர் என்று கேட்டால் சொல்லலாம். துவக்கைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதைச் சொல்லாதே என்றால் ஏன் என்று நான் கேட்பேன்; அந்த ஏனுக்குப் பதில் சொல்ல அம்மாவுக்கு வாய் வராது.

மாப்பிள்ளையும் சித்தியும் பல்கனியில் நின்று கதைத்தார்கள். சித்தி நீலச் சேலை உடுத்தியிருந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சிரித்தது தெரிந்தது. அம்மா தேத்தண்ணி போடக் குசினிக்குப் போய்விட்டார். அப்பா வந்தவர்களின் காரை நல்ல இடத்தில் நிறுத்திவிடக் கீழே போனார். மாப்பிள்ளையின் தாய் என்னை மடியோடு இழுத்து வைத்துக்கொண்டு, "சித்தி என்ன மாதிரிப் பிள்ளை? உன்னோடை பேசுறவவோ?" என்று கேட்டார்.

சித்திக்கு இந்தக் கலியாணம் வேண்டும் என்று எனக்குத் தெரியும். குளியலறைக் கதவு எனக்குச் சொல்லியிருந்தது. என்னால் முடிந்த உதவி, சித்தி எவ்வளவு கெட்டிக்காரி என்று எடுத்துக் காட்டுவதுதானே? மூலையில் நின்ற வக்கூம் கிளீனரின் நீளக் குழாயைக் கழற்றி எடுத்தேன். முதலில் அம்மாவாக நின்று, இதுதான் துவக்கு என்று சொல்லிக் குறிபார்த்துக் காட்டினேன். "என்ன புள்ள சொல்றார்" என்று திரும்பினேன். பிறகு சித்தியாகப் பாய்ந்து, அமுக்கி, இழுத்து, குழாயை மேசையில் வைத்தேன். பிஸ்கட் தட்டுத் தப்பியது.

"ஆர் பிள்ளை சித்திக்குப் பழக்கினது?" அவர் இன்னும் சிரித்தபடிதான் கேட்டார்.

"தெரியா. இது ரெண்டு மூண்டு வருசம் துவக்கைக் கையை விட்டு இறக்காமல் வச்சிருந்த ஆளிட கை எண்டு அந்தத் தாடிக்காரர் சொன்னவர்."

என் உத்தியோக வாழ்க்கையில் ஒரு சொல்லும் விடாமல், ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் நான் மொழிபெயர்த்தது அந்த ஒரு வசனம்தான்.

சாப்பிட்டார்கள். நல்ல ருசி என்றார்கள். போய்விட்டார்கள். தொலைபேசி பிறகு அடிக்கவில்லை. ஒரு கிழமை கழித்து, சாதகம் பொருந்தவில்லையாம் என்று ஆள்மூலம் செய்தி வந்தது; கொண்டுவந்த ஆள் துவக்கைப் பற்றியும் அம்மாவிடம் சாடையாகக் கேட்டாராம். ஒரு மாதம் பொருந்தியிருந்துவிட்டுத் திடீரென்று பொருந்தாமல் போன சாதகம் அது ஒன்றாகத்தான் இருக்கும். அந்தத் தாயை அதற்குப் பிறகும் நான் கண்டிருக்கிறேன். கார்த்திகையில் ஒஸ்லோவில் மண்டபம் எடுத்து, இயக்கத்தில் நின்று போரில் செத்த பிள்ளைகளுக்கு விளக்குக் கொளுத்தும் நாளில், பேர்கனிலிருந்து அதற்கென்றே வந்து முன்வரிசையில் நிற்பார். அழுவார், உண்மையாகவே அழுவார். செத்தவர்கள் தெய்வம். உயிரோடு திரும்பி வந்தவள் மட்டும் மருமகளாக வரக்கூடாது. தூ!

ஆனால் அவரை ஏசி என்ன? என் அம்மா என்ன செய்தார்? செய்தி வந்த அன்றைக்கு என் முன்னாலேயே சித்தியைப் பிடித்தார். "பேசாம நிண்டிருக்கலாமே! என்னத்துக்கு உன்ட கை போனது? எல்லாத்தையும் நீயே கெடுத்துப்போட்டாய்."

சித்தி உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என்னை ஒருதரம் பார்த்தார். ஏசப்போகிறார் என்று நான் அம்மாவின் பின்னால் ஒதுங்கினேன். "தெரியா அக்கா. கை தன்ட பாட்டுல போயிட்டுது" என்றுமட்டும் சொல்லிவிட்டு மறுபடியும் குனிந்தார். வசந்தம் வருவதற்குள் வடக்கே ஒரு மீன் தொழிற்சாலையில் வேலை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இன்றைக்கும் அங்கேதான், தனியாக. அம்மாவின் வேலை நிரந்தரமாகிவிட்டது.

வீட்டுக்கு ஒரு பிள்ளை தா என்று இயக்கம் ஊரில் கேட்டு வந்தபோது, அம்மா கலியாணம் கட்டி ஒஸ்லோவுக்கு ஏறியிருந்தார் என்பதை நான் இருபது வயதில்தான் அறிந்தேன். மிஞ்சியிருந்த பிள்ளை சித்தி. பதினாறு வயது. "எல்லாத்தையும் நீயே கெடுத்துப்போட்டாய்" என்று அம்மா யாரிடம் சொன்னார் என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் அவரோடு முகம் கொடுத்துக் கதைக்க முடிவதில்லை.

போன வருடம், ஏன் என்று எனக்கே தெரியாமல், நானும் ஒரு பெண்கள் வகுப்புக்குப் போய்ச் சேர்ந்தேன். வேறு கழகம், வேறு நிலவறை. முதல் நாள் சொல்லிக்கொடுத்த பெண் என்னை வெறுங்கையோடு கோட்டில் நிறுத்தி, இப்போது பின்னால் திரும்பு, உன் குழல் யாரைப் பார்க்கிறது என்று பார் என்றாள். திரும்பினேன். கையை நீட்டிப் பார்த்தேன். ஒரு பதினொரு வயதுப் பிள்ளையின் நெற்றி அளவு உயரம்.

சித்திக்கு ஒரு கணம் இருந்திருக்கிறது. பேசாமல் நின்றிருந்தால் கலியாணம். அந்தக் கணத்தில் அவர் பார்த்தது என்னை. பிறகு அந்தக் கையை நான் ஊருக்குக் காட்டிக் கொடுத்தேன். வக்கூம் குழாயோடு நான் அம்மாவாக நின்றேன், சித்தியாக நின்றேன். நானாக நிற்க ஆளில்லாமல், அந்த இடத்தில் மாப்பிள்ளையின் தாய்தான் இருந்தார். குழாய் தன் பக்கம் திரும்பியபோது, "அங்காலை திருப்பு பிள்ளை" என்று அவர் சோபாவில் ஒதுங்கினார். வெறும் தூசி உறிஞ்சுகிற குழாய். அதற்கே அவர் ஒதுங்கினார். அப்போதாவது எனக்கு விளங்கியிருக்க வேண்டும். நான் சிரித்தேன்.