பூனைக்கு வேலியைத் திறந்தவன்

உங்களுக்கு மூத்தவன் ஒருவன் இருந்தான் என்பது உங்களுக்குத் தெரியும். அவன் எப்படிப் போனான் என்று நீங்கள் கேட்டால் உங்கள் அம்மா எழுந்து போய்விடுவாள். நானும் ‘சளி’ என்பதோடு நிறுத்திக்கொள்வேன். முழுவதையும் எழுதிவிடுகிறேன்.

அவனுக்கு நாலு வயது. மழை பிடித்தால் நெஞ்சில் சளி கட்டி இழுக்கும். குப்பைமேனி இலையைக் கசக்கி, சாறு பிழிந்து ஒரு பாலாடை புகட்டினால் கொஞ்ச நேரத்தில் வாந்தி எடுப்பான். கோழை கோழையாக வந்து விழும். அப்புறம் தூங்குவான். எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் இதுதான் வைத்தியம். தானாக முளைக்கிற செடிதான். ஆனாலும் அவசரத்துக்குத் தேடி அலையக் கூடாதென்று உங்கள் அம்மா பின்பக்கம் பாத்தி கட்டி வளர்த்தாள்.

அந்தச் செடியின் வேர் என்றால் பூனைக்குப் பைத்தியம். பக்கத்து வீட்டுப் பூனை வந்து பறித்துப்போட்டு, கடித்து, அதன்மேலேயே புரளும். முள் வெட்டி வந்து சுற்றிலும் அடைத்தேன். மறுநாளும் செடி பிடுங்கிக் கிடந்தது. உங்கள் அம்மா சண்டைக்குப் போனாள்.

“பூனைய கட்டிப் போடுக்கா. எம் புள்ள மருந்துக்கு வச்சிக்கினு கீறேன்.”

“இன்னாது, பூனைய கட்றதா? குப்பமேனிக்குப் பாத்தி கட்டி தண்ணி ஊத்தறவ இந்த ஊர்லயே நீ ஒருத்திதான். அடுத்து நெருஞ்சிக்கு எரு போடப் போறியா?”

ஒரு நாள் கழனியிலிருந்து சீக்கிரம் திரும்பினேன். பின்பக்கம் அவன் குந்திக்கொண்டு முள்ளை ஒவ்வொன்றாக இழுத்து வழி விட்டுக்கொண்டிருந்தான். பூனை காத்திருந்தது.

“இன்னாடா பண்ற?”

“அது துன்னட்டும் நைனா. துன்னுட்டா எனக்கு இல்ல.”

விழுந்து விழுந்து சிரித்தேன். பக்கத்து வீட்டில் போய்ச் சொன்னேன், அந்த அம்மாளும் சிரித்தாள். அப்புறம் முள்ளை இன்னும் இறுக்கிக் கட்டினேன்.

அதற்குப் பிறகு அவன் இருமவில்லை. ஒரு மாதம், ஒரு இருமல் இல்லை. மானாம்பதியிலிருந்து வந்த அண்ணியிடம் குப்பைமேனியின் பெருமையைப் பேசினேன். பிள்ளை இளைத்தது கண்ணில் பட்டது. வளர்கிற வயசு என்று விட்டுவிட்டோம்.

வைக்கோல் போருக்குப் பின்னால்தான் பார்த்தேன். முகத்தை வைக்கோலுக்குள் புதைத்துக்கொண்டு இருமினான். முதுகு மட்டும் குலுங்கியது. என்னைக் கண்டதும் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான். தூக்கினேன், உடம்பு அனலாய்ச் சுட்டது.

அன்றே வாலாஜாபாத் போய், பஸ் மாறி, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். “எத்தனை நாளா இருமல்?” என்றார் டாக்டர். உங்கள் அம்மா என்னைப் பார்த்தாள். தெரியாதுங்க என்றேன்.

“பெத்தவங்கதானே?” என்றார்.

ஊசி போட்டார்கள். நாலு நாள் இருந்தான். நர்சம்மா மருந்தோடு வரும்போதெல்லாம் இருமலை அடக்கினான். “இருமுடா கண்ணு, நைனா ஒண்ணும் குடுக்க மாட்டேன்” என்று கெஞ்சினேன். அவன் என்னை நம்பவில்லை. ஐந்தாம் நாள், அடக்குவதற்கு அவனிடம் மூச்சு இல்லை.