கல்லிடைக்குறிச்சிப் பாலத்தில் ஒன்பது நிமிஷம்

ரயில் எஞ்சின்களின் எண்களையும் அவை வந்து போகும் நேரத்தையும் 1903 முதல் நான் நோட்டில் குறித்துவந்தேன். திருநெல்வேலியிலிருந்து மேற்கே போகும் பாதை அப்போது புதிது. தாலுகா கச்சேரியில் எனக்குக் குமாஸ்தா உத்தியோகம். கச்சேரி விட்டதும் ஸ்டேஷன் வேலியோரம் போய் நிற்பேன். வீட்டில் இதைக் கிறுக்கு என்றார்கள். நான் மறுத்ததில்லை.

1905-இல் ரயில்வே கடிகாரங்கள் மதராஸ் நேரத்தை விட்டு, தேசம் முழுமைக்கும் பொதுவான புது நேரத்துக்கு மாறின. புது நேரம் பழையதைவிட ஏறக்குறைய ஒன்பது நிமிஷம் முந்தியது. நான் என் கடியாரத்தை மாற்றவில்லை. சட்டைப்பையில் சங்கிலி போட்டு வைத்திருந்த அந்தக் கடியாரத்தை மாற்றினால், இரண்டு வருஷமாக எழுதிய குறிப்புகளும் இனி எழுதப்போகிறவையும் ஒன்றுக்கொன்று ஒவ்வாமல் போய்விடும் என்று நினைத்தேன். அதனால் கடியாரம் பழைய நேரத்திலேயே ஓடியது. ரயில்வே அட்டவணையைப் பார்க்கும்போது ஒன்பதை மனதுக்குள் கழித்துக்கொள்வேன். பழகிய பிறகு கழிப்பதே நினைவில் இருக்காது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

1907 தை மாதம், பொங்கல் கழிந்த மறுவாரம், நானும் என் நண்பரும் ரயில் பாதையை ஒட்டியே அம்பாசமுத்திரம் வரை போய்வருவதென்று கிளம்பினோம். அவர் பாளையங்கோட்டையில் மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார், கணக்குப் பாடம். எண்களில் எனக்கு இருந்த பைத்தியம் அவருக்கு வேகத்தில் இருந்தது. ஒரு ரயில் மணிக்கு எத்தனை மைல் போகிறது என்பதைத் தன் கணக்காலேயே கண்டுபிடிக்க வேண்டும் அவருக்கு. அவருடைய மாமனாரின் ஒற்றை மாட்டு வண்டி, இரண்டு பானை, அரிசி, புளி, குலசேகரன்பட்டினத்துத் தோணிக்காரர் ஒருவரிடம் வாங்கிய பழைய பாய்க் கித்தான், இவ்வளவுதான் சாமான். கித்தானை வண்டியின் நுகத்திலிருந்து இழுத்து இரண்டு கம்பில் கட்டினால் கூடாரம். சமையல் என் பொறுப்பு. வண்டி ஓட்டுவது அவர்.

முதல் நாள் சேரன்மகாதேவி ஆற்றங்கரையில் தங்கினோம். இரண்டாம் நாள் கல்லிடைக்குறிச்சிக்குக் கிழக்கே ஒரு மருத மரத்தடியில். அதுவரை பதினொரு ரயில்களைப் பார்த்துக் குறித்திருந்தேன். மூன்றாம் நாள் சாயங்காலம் ரயில் பாலத்துக்குப் போனோம். அங்கே பாதை தாமிரபரணியைக் கடந்து அக்கரையில் அம்பாசமுத்திரத்துக்குப் போகிறது. கார்த்திகை மழையின் தண்ணீர் இன்னும் வடியவில்லை. ஆறு கரைகொள்ளப் போய்க்கொண்டிருந்தது.

திட்டம் நண்பருடையது. கல்லிடைக்குறிச்சியை நாலு இருபதுக்கு விடும் ரயில் பாலத்துக்குள் நுழையும்போது இக்கரையில் நிற்கும் நான் துண்டை உயர்த்தி வீச வேண்டும். அக்கரையில் நிற்கும் அவர் அந்தக் கணத்தில் கடியாரத்தைப் பார்த்துக்கொள்வார். எஞ்சின் அக்கரையைத் தொடும்போது மறுபடி பார்ப்பார். பாலத்தின் நீளம் தெரியும், நேரம் தெரியும், வேகம் வந்துவிடும்.

"துண்டப் பாத்தா நான் என்ன செஞ்சிட்டிருந்தாலும் அப்படியே நின்னுருவேன் வே. ஆடாம நின்னாத்தான் முள்ளு சரியாத் தெரியும்," என்றார்.

பாலத்தின் மேல் நடக்கக் கூடாது. ஆனால் ஆற்றில் தண்ணீர் கூடுதலாக இருக்கும் நாட்களில் ஊர்க்காரர்கள் நடப்பதுண்டு. நான் கடியாரத்தைச் சங்கிலியோடு கழற்றிக் கொடுத்தேன். அவர் திறந்து பார்த்தார்.

"நாலு அஞ்சு. இன்னும் பதினஞ்சு நிமிசம் கெடக்கு. பையப் போனாலும் ஏழு நிமிசத்துல அங்கன நிப்பேன்."

நான் தலையாட்டினேன். கையில் அட்டவணை இருந்தது. நாலு இருபது என்று என் கண்ணெதிரே அச்சடித்திருந்தது. கடியாரம் என் பையில் இருந்தவரை தானாக நடந்த கழித்தல், அது அவர் கைக்குப் போனதும் நடக்கவில்லை.

அவர் பைய நடந்தார். தண்டவாளத்துக்கு நடுவே கட்டைகளின் மேல் கால் வைத்துப் போக வேண்டும். கட்டைகளின் இடைவெளியில் கீழே தண்ணீர் தெரியும். ஒவ்வொரு தூணுக்கு மேலேயும் நின்று ஏதோ எண்ணிப் பென்சிலால் குறித்தார். வாத்தியார் புத்தி. நான் கரையில் உட்கார்ந்து, அன்று காலை பார்த்த எஞ்சினின் எண்ணைத் திருத்தி எழுதினேன்.

அப்போது ஸ்டேஷன் பக்கம், ரயிலுக்கு வழிவிட்டுக் கைகாட்டி இறங்கியது.

முதலில் ஏதாவது சரக்கு வண்டியாக இருக்கும் என்று நினைத்தேன். அந்த நேரத்தில் சரக்கு வண்டி கிடையாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். பிறகுதான் ஒன்பது நிமிஷம் நினைவுக்கு வந்தது. அவருக்கு நாலு பத்தாக இருக்கும் நேரம் ஸ்டேஷன் கடிகாரத்துக்கு நாலு பத்தொன்பது. அவர் பாலத்தின் பாதியைத் தாண்டியிருந்தார்.

எழுந்து கத்தினேன். ஆற்று இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலைக்கு மேல் சுழற்றினேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். கையை உயர்த்திக் காட்டினார். கடியாரத்தைத் திறந்தார். ஆடாமல் நின்றார்.

துண்டைப் பார்த்தால் நிற்பேன் என்று சொன்ன மனிதர் சொன்னபடியே நின்றுவிட்டார். நான் துண்டைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் போ, போ என்று தள்ளிக் காட்டினேன். அவர் கடியாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டேஷனில் ஊதல் சத்தம் கேட்டது.

அவரை நோக்கி ஓடுவதா, ரயிலை நோக்கி ஓடுவதா? பாலத்தில் ஓடினால் அவரை எட்டுவதற்குள் எஞ்சின் என்னையே எட்டிவிடும். துண்டை மறுபடி எடுத்துக்கொண்டு தண்டவாளத்தின் வழியே ஸ்டேஷனை நோக்கி ஓடினேன். ஜல்லியில் ஒரு முறை விழுந்தேன். வளைவில் எஞ்சின் வந்தது. நடுப்பாதையில் நின்று துண்டை வீசினேன். எஞ்சின் விடாமல் ஊதியது. கடைசியில் நான்தான் சரிவில் குதித்தேன். சக்கரங்கள் கிறீச்சிட்டு என்னைக் கடந்தன. வேகம் குறைந்ததே தவிர நிற்கவில்லை.

பாலத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. பார்த்தேன். ஊதலைக் கேட்ட அவர் ஓடிக்கொண்டிருந்தார், கட்டை கட்டையாகத் தாவி. அடுத்த தூணுக்கு வந்ததும் இரும்பு உத்தரத்தின் வெளிப்பக்கமாக இறங்கி, தூணின் கல் தலையில் குந்திக்கொண்டார். எஞ்சின் நடை வேகத்தில் பாலத்துக்குள் போய் அவரை மறைத்தது. அத்தனை பெட்டிகளும் போகும்வரை எனக்கு அந்தத் தூண் தெரியவில்லை. பெட்டிகளை எண்ணும் பழக்கம் எனக்கு உண்டு. அன்று எண்ணவில்லை. கடைசிப் பெட்டி போனதும் அவர் தலை தெரிந்தது.

எஞ்சினில் கரி தள்ளுகிறவன் அவரைக் கடக்கும்போது குனிந்து கத்தினானாம்: "ஏலே, சாகதுக்கு ஒனக்கு வேற எடம் கெடைக்கலியா?"

அவர் திரும்பி நடந்து வந்தார். இரண்டு முழங்காலிலும் ரத்தம். தலைப்பாகை ஆற்றோடு போயிருந்தது. நான் பேசுவதற்குள் அவரே ஆரம்பித்தார்.

"வண்டி முன்கூட்டி வந்திட்டு வே! நாலு இருவதுக்கு ஸ்டேசன விட வேண்டிய வண்டி நாலு பதினாலுக்குப் பாலத்துல நிக்கி. கடியாரத்தக் கையில வச்சிட்டுல்லா பாத்தேன்! நேரா ஸ்டேசன் மாஸ்டர்ட்ட போவோம். எழுதிக் குடுக்காம விட மாட்டேன். நீரும் சாச்சி."

நான் பின்னாலேயே நடந்தேன். மாட்டு வண்டி நின்ற இடம்வரை அவர் பேசிக்கொண்டே வந்தார்; கம்பெனிக்கு என்ன எழுதுவது, எந்த வார்த்தை போடுவது என்று. ஸ்டேஷன் கடிகாரத்தைப் பார்த்ததும் அவருக்கே தெரிந்துவிடும். அதற்கு முன் நான் சொல்லிவிட வேண்டும். மாட்டைப் பிடித்துக்கொண்டு நடந்து, ஸ்டேஷன் ஓடு கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் சொன்னேன்.

"வண்டி சரியான நேரத்துக்குத்தான் வந்திருக்கு. கடியாரம் ஒம்பது நிமிசம் பிந்தி. பழைய நேரம். நான் மாத்தல."

அவர் நின்றார். "தெரியாம இருந்திட்டா?"

"தெரிஞ்சுதான் வச்சிருந்தேன். நோட்டுக்காக."

அவர் கடியாரத்தை எடுத்து என் கையில் வைத்தார். ஓங்கி ஒரு அறை விட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"மூணு பொட்டப்பிள்ள வே எனக்கு," என்றார்.

ஸ்டேஷனுக்கு அவர் மட்டும் போனார், புகார் எழுத அல்ல. கிழக்கே போகும் ரயிலுக்குத் திருநெல்வேலி டிக்கெட் வாங்கினார். நான் வேலிக்கு வெளியே மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ரயில் வந்தது. ஏறினார். ஜன்னல் வழியாக என்னைப் பார்த்து, "மாட்டுக்கு ஆத்துத் தண்ணி காட்டாதேயும். சளி புடிக்கும். கெணத்துத் தண்ணியாப் பாத்துக் காட்டும்," என்றார். சரி என்றேன்.

தனியாகத் திரும்பி வர இரண்டரை நாள் ஆயிற்று. வண்டியை ஒப்படைக்கப் பாளையங்கோட்டையில் அவர் வீட்டுக்குத்தானே போக வேண்டும்? வாசலில் என்ன நடக்கும் என்று வழியெல்லாம் யோசித்தேன். அவர் மனைவியிடம் சொல்லியிருப்பார். அந்த அம்மாள் என்ன கேட்டாலும் தகும் என்று முடிவுசெய்து வண்டியை நிறுத்தினேன்.

அந்த அம்மாள் கதவுக்குள்ளிருந்தே கேட்டார்: "ஏன் அண்ணாச்சி, புளியக் கொட்டிச் சமைச்சு மனுசன வயித்தால போக வச்சு ரயிலேத்தி அனுப்பிட்டியளே, இது நாயமா? மொழங்காலு வேற! கக்கூசுக்கு ஓடயில விழுந்தாராமே."

உள்ளே நாற்காலியில் முழங்கால் கட்டோடு நண்பர் உட்கார்ந்திருந்தார். மடியில் கடைசிப் பெண். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார், சிரிக்கவில்லை.

"ஆமா தங்கச்சி," என்றேன். "புளி கூடிட்டு."

"கேட்டேளா? தப்ப ஒத்துக்கிடுதாவ," என்று அந்த அம்மாள் அவரிடம் சொல்லிவிட்டு, எனக்குக் காப்பி போட உள்ளே போனார்.