கறித்தூக்கில் வைத்த ஆணி

பேத்தியின் கணினி விளையாட்டில் ஓர் ஊர், சுற்றிலும் பூதங்கள். "இதுக்கு நடுவுல எப்படித் தாத்தா பொழைப்பாங்க?" என்றாள்.

நாங்கள் பிழைத்தோமே. அறுபதுகளில், எங்கள் ஊர் மானகிரியிலிருந்து கறிக்குழம்பு வெளியே போனால், வாசனைக்குப் பேய் தொடரும் என்று தூக்குவாளி மூடிமேல் இரும்பாணி வைத்து அனுப்புவார்கள். கோவிலூரில் தச்சுவேலையிலிருந்த அப்பாவுக்கு நானும் அக்காவும் உச்சிவெயிலில் கொண்டுபோனோம். சுடுகாட்டுப் பக்கம், காற்றே இல்லாமல் பின்னால் சருகு நொறுங்கியது. அக்கா ஆணியை என் கையில் திணித்தாள்.

"முன்னால போடா. திரும்பிப் பாக்காத."

"ஒனக்கு?"

அக்கா கறியோடு பின்னால் வந்தாள். அப்பாவிடம் சேரும்வரை அவள் காலடியைக் கேட்டபடியே நடந்தேன். நடுவில் கொஞ்ச தூரம் அது கேட்கவே இல்லை.

திரையில் எல்லோரும் கோட்டைக்குள் ஓடினார்கள். கடைசியாக வந்துகொண்டிருந்த பெண்ணிடம் வாளில்லை.

"கதவைச் சாத்தப் போறேன் தாத்தா."

"சாத்தாத!" என்று கத்திவிட்டேன்.