ஏழுக்குக் குறைந்த படங்கள்

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. போட்டவன் நான்தான். பத்துக்கு ஏழு மார்க்குக்குக் குறைவாக வாங்கிய படத்துக்கு நாங்கள் போகமாட்டோம். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் வாடகை வீட்டில் இருக்கும் எங்கள் மகள், படங்களுக்கு மார்க் போடும் செயலியை என் கைப்பேசியில் இறக்கிக் கொடுத்த நாளிலிருந்து இதுதான் நடைமுறை. கொடுத்ததற்கு அவளே பிறகு தலையில் அடித்துக்கொண்டாள். "அப்பா, படம் பாக்கப் போறீங்களா, எக்ஸாம் பேப்பர் திருத்தப் போறீங்களா?" என்பாள்.

என்னை மட்டும் குற்றம் சொல்லக் கூடாது. கிள்ளானில் ஒரு ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் தரம் பார்ப்பது என் வேலை. கையுறைக்குள் தண்ணீரை ஊற்றித் தொங்கவிடுவோம். ஒரு சொட்டு கசிந்தாலும் ரிஜெக்ட். ஊசிமுனை அளவு ஓட்டைதானே என்று பாவம் பார்க்க முடியாது. பல வருடமாக இதையே செய்கிறவனுக்கு வீட்டுக்கு வந்ததும் புத்தி மாறிவிடுமா? பாசாரில் மாம்பழத்தை அமுக்கிப் பார்த்து, பழம் விற்கும் ஆன்டிகளிடம் திட்டு வாங்குகிறவன், சினிமாவை மட்டும் விடுவேனா?

என் மனைவி ஏதாவது புதுப் படத்தின் பெயரைச் சொன்னால் போதும், கைப்பேசியை எடுத்துவிடுவேன். "அஞ்சு புள்ளி எட்டு. வேணாம்." அவளும் "சரிங்க" என்று சொல்லிவிட்டு வெங்காயம் நறுக்கப் போய்விடுவாள். அவளுடைய நேரத்தை எவ்வளவு மிச்சப்படுத்திக் கொடுக்கிறேன் என்று உள்ளுக்குள் பீற்றிக்கொள்வேன். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். ரசத்துக்குக் கொத்தமல்லி போதுமா என்பதற்கே அரை மணி நேரம் மல்லுக்கு நிற்கிறவள் அவள்.

போன வருடம் ஒரு சனிக்கிழமை, எட்டுக்கு மேல் வாங்கிய ஒரு படத்துக்கு அவளை ராஜமரியாதையோடு அழைத்துப் போனேன். பண்டமாரானில் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் இருக்கும் மால்தான். பாப்கார்ன் விற்கும் மலாய்ப் பெண் இவளைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாக, "ஆன்டி, வழக்கம் போலவா?" என்று மலாயில் கேட்டாள். பிறகு என்னைப் பார்த்துவிட்டு, "இன்றைக்குத் துணைக்கு ஆள் வந்திருக்கிறதே!" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாங்கள் வருடத்துக்கு இரண்டு முறை வருகிறவர்கள். வழக்கம் எங்கிருந்து வந்தது?

படம் முடிந்து காரில் ஏறியதும் விசாரணையை ஆரம்பித்தேன். அவள் எதையும் மறைக்கவில்லை. கிள்ளான் லிட்டில் இந்தியாவில் அவள் ரவிக்கை தைக்கும் கடையில் அவளுக்குப் புதன்கிழமை லீவு. நான் வேலைக்குப் போனதும் சமைத்து வைத்துவிட்டு, கிராப் டாக்சி பிடித்துப் பகல் காட்சிக்கு வந்துவிடுவாளாம். மூன்று வருடமாக. நான் வேண்டாம் என்று தள்ளிய படங்கள் அத்தனையும்.

"யாரோட?"

"தனியாத்தான்."

"அதெல்லாம் அஞ்சும் ஆறும் வாங்குன குப்ப லா!"

"பாதி குப்பதான், யாரு இல்லன்னா? நல்ல படம்னா எந்த எடம் நல்லாருக்குன்னு ஊரே சொல்லிருது. இதுல எங்கன்னு யாருக்கும் தெரியாது. திடீர்னு ஒரு எடம் வரும் பாருங்க, அப்படியே அள்ளிக்கிட்டுப் போயிரும். கையுறையில ஓட்ட இருந்தா தூக்கிப் போடலாம். படத்துல ஓட்ட இருந்தா என்னா? அதுல தண்ணியா ஊத்தப் போறீங்க?"

ஆனால் என்னை உறுத்தியது மார்க் இல்லை. மூன்று வருடத்தில் ஒரு தடவைகூட என்னைக் கூப்பிட இவளுக்குத் தோன்றவில்லையே! அதைக் கேட்டும்விட்டேன்.

அவள் சீட்பெல்ட்டை மாட்டிக்கொண்டே சொன்னாள். "உங்களோட வந்தா நான் எங்கங்க படம் பாக்குறேன்? உங்க மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். சிரிக்கிறாரா, உச்சுக் கொட்டுறாரா, வாட்ச்ச பாக்குறாரான்னு. எனக்குப் புடிச்சிருந்தாக்கூட, நீங்க மூஞ்சியச் சுளிச்சா எனக்கும் புடிக்காமப் போயிருது."

சுருக்கென்றது. அவள் கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. இத்தனை வருடமும் பக்கத்தில் உட்கார்ந்து ஒருத்தி என் முகத்தையே படித்துக்கொண்டிருந்திருக்கிறாள், எனக்குத் தெரியவே இல்லை.

இரண்டு நாள் யோசித்துவிட்டு அடுத்த புதன்கிழமைக்கு லீவு எழுதிக் கொடுத்தேன். "நானும் வரட்டுமா?" என்று அவளிடம் கேட்டேன். பெண் பார்க்கப் போன அன்றுகூட நான் இவ்வளவு பயப்படவில்லை. அவளும் சட்டென்று சரி சொல்லிவிடவில்லை. கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வாங்க. ஆனா பக்கத்துல உக்காரக் கூடாது. ஒரு வரிச பின்னால, ஓரமா. உங்க மூஞ்சி என் கண்ணுல படக் கூடாது."

அப்படித்தான் போனோம். புதன்கிழமைப் பகல், மொத்தக் கொட்டகையிலும் பத்துப் பேர் இருந்தால் அதிகம். அதில் கணவனும் மனைவியும் வேறு வேறு வரிசையில். டிக்கெட்டைப் பார்த்து இடம் காட்டியவர் எங்களுக்குள் ஏதோ சண்டை என்று நினைத்து என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

படத்துக்கு ஐந்து புள்ளி நான்கு. அதுவே தர்மத்துக்குப் போட்டதுதான் என்று முதல் பத்து நிமிடத்தில் முடிவு செய்துவிட்டேன். ஹெலிகாப்டரிலிருந்து கதாநாயகன் குதிக்கிறான், செருப்புகூடக் கழலவில்லை. திரையில் 'இடைவேளை' என்று வந்தது. மலேசியாவில் எந்தக் கொட்டகையிலும் அதற்காகப் படம் நிற்பதில்லை, அடுத்த அடிதடி தொடங்கிவிட்டது. எனக்கு உச்சுக் கொட்ட நாக்கு துறுதுறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அப்புறம் ஒரு கல்யாணக் காட்சி. கதாநாயகன் தங்கையின் கல்யாணத்தில் ஓடி ஓடிப் பந்தி பரிமாறுகிறான். எல்லோரும் போனபின் காலி மண்டபத்தில் தனக்குத் தானே இலை போட்டுக்கொண்டு சாப்பிட உட்காருகிறான். பாட்டு இல்லை, வசனம் இல்லை.

மனைவி எப்படி இருக்கிறாள் என்று எட்டிப் பார்த்தேன். பாப்கார்ன் எடுத்த கை நடுவழியில் நின்றிருந்தது. வாய் பாதி திறந்திருந்தது. கன்னத்தில் கண்ணீர் வழிவதைத் துடைக்கக்கூட அவளுக்கு நினைவில்லை. அடுத்த காட்சியில் யாரோ தடாலென்று விழும் சத்தம் கேட்க, அதே கண்ணீரோடு தோள் குலுங்கச் சிரித்தாள். கல்யாணமாகி இருபத்தெட்டு வருடம், இந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை. எவ்வளவு அழகாக இருந்தாள்! அவள் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

வெளியே வந்ததும் கைப்பேசியை மறைத்து வைத்திருக்கிறேனா என்று என் கையைத்தான் முதலில் பார்த்தாள். பிறகு, "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"ரொம்ப நல்லாருந்துச்சு."

"சும்மா பொய் சொல்லாதீங்க லா. கடைசியில அந்தத் தங்கச்சி என்னா ஆனா, சொல்லுங்க பாப்போம்."

எனக்குத் தெரியவில்லை. கல்யாண மண்டபத்துக்கு அப்புறம் நான் திரையைப் பார்க்கவே இல்லை.