எடுத்தாச்சி

லகாட் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்து, தோட்டத்தை வீடமைப்புக்கு விற்றதும் புந்தோங்குக்குக் குடிவந்தவள் கலாதேவி. ஈப்போவில் ஓர் அரசாங்கக் கிளினிக்கில் பதிவு முகப்பு வேலை. பல வருடமாக இனிப்புநீர் நோயாளிகளிடம் அவள் கேட்பது ஒரே கேள்விதான்: "மருந்து எடுத்தீங்களா?" கணினியில் மலாயில் 'அம்பில் உபாட்' என்று இருப்பதற்கு அவளே போட்டுக்கொண்ட தமிழ் அது. "எடுத்தாச்சிலா" என்பார்கள். 'ஆம்' என்று தட்டிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவாள். முதுகுவலி, சில நாள் நிமிர்ந்து பார்க்கவும் தெம்பிருக்காது.

அந்தப் பதிவுகளை வாரிக்கொண்டு போன ஆராய்ச்சிக்காரர்கள் ஒருநாள் திரும்பி வந்தார்கள். தோட்டத்து ஆட்களில் பாதிப் பேருக்கு மாத்திரை வேலை செய்யவில்லையாம். ஒழுங்காக எடுக்கிறார்கள், சர்க்கரை அளவு மட்டும் இறங்கவில்லை, ரத்தத்திலேயே ஏதோ இருக்கிறது என்றார்கள். கலாதேவியின் வீட்டுக்காரர் பத்துமலையும் அந்தப் பாதியில் ஒருவர். அவர் சிறுநீரகம் இன்னும் தாங்குமா என்று டாக்டர் மறுநாள் சொல்வதாக இருந்தது.

வீட்டில் அவர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடமும் தினமும் அதே ஆபீஸ் கேள்விதான் கேட்பாள். அன்றைக்கு இருந்த பயத்தில் வேறு மாதிரி வந்துவிட்டது.

"மாத்திரைய முழுங்குறீங்களா?"

பத்துமலை டிவி சத்தத்தைக் குறைத்தார். "கிளினிக்லேர்ந்து எடுத்தாந்தேனே."

"முழுங்குறீங்களான்னு கேட்டேன்."

"அத முழுங்குனா லோரி ஓட்டுறப்ப கண்ண இருட்டுதுலா, தேவி. நீ எடுத்தீங்களான்னுதான கேப்ப? எடுத்தேன்னு சொன்னேன். பொய்யா சொன்னேன்?"

அவர் கை காட்டிய அலமாரிக்கு மேலே பிஸ்கட் டின் நிறைய, பிரிக்காத மாத்திரைகள். பாவி மனுசன். கத்த வேண்டும்போல் இருந்தது. கத்துவதற்கும் அலுப்பாக இருந்தது.

மறுநாள் நடந்ததை டாக்டரிடம் ஒளிக்காமல் சொன்னாள். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். பத்துமலையின் சிறுநீரகம் இனித் தாங்காதாம்; இயந்திரத்தில் ரத்தம் சுத்திகரிக்க நாள் குறித்தாயிற்று. இனி லோரியும் இல்லை. ஆத்திரம் அவர்மேலா, தன்மேலா என்று அவளுக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. முகப்பில் வந்து உட்கார்ந்தாள்.

அடுத்து வந்தவர் கருப்பம்மாள், அதே தோட்டத்து ஆள்.

"அக்கா, மாத்திரைய முழுங்குறீங்களா?"

கருப்பம்மாள் பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"என்னாம்மா, இத்தன வருசமா இல்லாம இன்னிக்கி இப்படிக் கேட்டுட்ட?"