கரடி வூட்டுக் கமலா

கமலா கல்யாணமாகி ரிஷிவந்தியம் பக்கத்து ஊருக்கு வந்த அன்றே, கூட்டத்தில் ஒரு பெண், "கரடி பொண்டாட்டி வந்துட்டா" என்றாள். மாப்பிள்ளை பச்சமுத்துவுக்கு உடம்பில் முடி கொஞ்சம் ஜாஸ்தி. அதற்குத்தான் கேலி என்று கமலா நினைத்துக்கொண்டாள்.

விஷயம் அதுவல்ல. பச்சமுத்து வாலிபத்தில் புளி உலுக்கும் கூலிக்குக் கல்வராயன் மலைக்குப் போனவர். அங்கே ஒரு கரடி எதிரே எழுந்து நின்றதாம். இவர் தலைத்துண்டை அதன் முகத்தில் வீசிவிட்டு ஓடி வந்தாராம். கேட்ட ஒருவரும் நம்பவில்லை. "நல்லா கரடி வுடுறான்" என்றார்கள். அன்றிலிருந்து மனிதருடைய பெயரே கரடியாகிவிட்டது.

அவருக்கு அதில் வருத்தமில்லை. டீக்கடையில் கரடி என்று கூப்பிட்டால் சிரித்துக்கொண்டே திரும்புவார். கமலாவுக்குத்தான் பொறுக்கவில்லை. கரும்பு வெட்டப் போனால் அவள் கரடி வூட்டுக்காரி. யாராவது கரடி வூடு என்று சொன்னாலே, பொய்க்காரன் வீடு என்றுதான் அவள் காதில் விழும்.

மகள் சின்னப்பொண்ணு பத்தாவது படிக்கும்போது ஊர்ப் பெண்பிள்ளைகள் ஒரு கபடி டீம் சேர்த்தார்கள். புலி, சிறுத்தை, காளை என்ற பெயர்களையெல்லாம் சுற்றுவட்டார ஊர்க்காரர்கள் முன்பே எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"எம்மா, எங்க டீமுக்குக் கரடின்னு பேரு வெச்சிட்டோம்" என்றாள் மகள்.

கமலா புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "வேற பேரே கெடைக்கலியா? உங்கப்பன் பட்டது போதாதா?"

"நான்தாம்மா சொன்னேன். கரடி கட்டிப் புடிச்சா வுடுமா? மத்த பொண்ணுங்களும் சரின்னுட்டாங்க."

கமலா முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நாலைந்து நாள் கழித்து டீம் பனியன்கள் வந்தன. பெயின்டர் வரைந்த கரடி, நாய்க்கும் பன்றிக்கும் நடுவில் ஏதோவாக இருந்தது. பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கறுப்பு நூலை எடுத்து, ஒவ்வொரு கரடிக்கும் கழுத்தைச் சுற்றிப் புசுபுசுவென்று முடி தைத்துக் கொடுத்தாள்.

தியாகதுருகத்தில் ஆட்டம். கமலாவும் பச்சமுத்துவும் ஊர்க்காரர்களோடு பார்க்கப் போனார்கள். களத்தில் இறங்கியதுமே எதிர்ப்பக்கக் கூட்டத்தில் ஒருவன், "கரடி வுட வந்துட்டாளுங்க" என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கமலாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. ஆனால் கபடி பாடி வந்த முதல் பெண்ணையே சின்னப்பொண்ணு இடுப்போடு சேர்த்துப் பிடித்தாள். அந்தப் பெண் கோட்டுக்கு இழுத்துப் பார்த்தாள்; பிடி விடவில்லை. மைக்கில், "கரடிக்கு ஒரு பாயிண்ட்" என்றார்கள். ஊர்க்காரர்கள் எல்லாரும், "கரடி, கரடி" என்று கத்தினார்கள்.

பச்சமுத்து பழக்கதோஷத்தில் எழுந்து நின்று, "இன்னாங்க?" என்றார்.

கமலா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "உன்ன இல்ல, குந்து. நம்ம பொண்ணத்தான் கூப்புடுறாங்க."

சொன்ன பிறகுதான், தானும் கத்திக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரிந்தது.

கடைசி ஆட்டத்தில் தோற்றுத்தான் போனார்கள். திரும்பி வரும் வழியெல்லாம் பெண்பிள்ளைகள் வேர்க்கடலை தின்றுகொண்டு, யார் யாரைத் தவறவிட்டாள் என்று சண்டை போட்டார்கள். அடுத்த ஆட்டம் சின்னசேலத்தில் என்று தெரிந்தது. அந்த வாரம் தன்னைக் கரும்பு வெட்டுக்குக் கூப்பிட வேண்டாம் என்று கமலா மேஸ்திரியிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தாள்.