சாயங்காலத்துக்கு வந்த இதழ்

கர்நாடக எல்லையில் பாலாற்றுச் செக்போஸ்டுக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில் பிறந்து, கல்யாணமாகி மைசூருக்கு வந்தவள் நான். கன்னடத்தைக் கடைக்காரர்களிடமும் பஸ் கண்டக்டர்களிடமும் பேசிப் பேசியே கற்றுக்கொண்டேன். அதை வைத்துக்கொண்டுதான் ஒரு பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் விற்பனைக் கவுண்ட்டரில் இத்தனை வருடங்களாக உட்கார்ந்திருக்கிறேன். ஆராய்ச்சிப் புத்தகங்களும், வரலாற்றுத் துறை நடத்தும் இதழும் எங்களிடம் கிடைக்கும். வாங்க வருகிறவர்கள்தான் குறைவு.

போன வருடம் இதழின் புது வெளியீடு வந்தபோது, அதைப் பற்றி ஒரு வீடியோ எடுத்து எங்கள் பக்கத்தில் போடச் சொல்லி மேலே இருந்து உத்தரவு வந்தது. இதழாசிரியர் வரலாற்றுப் பேராசிரியை. வகுப்பில் மணிக்கணக்காகப் பேசுகிறவர், கேமரா என்றதும் பின்வாங்கிவிட்டார்.

“நீங்கதான் தினமும் ஜனங்களோட பேசறீங்க. நீங்களே சொல்லிடுங்க” என்றார். நாங்கள் பேசிக்கொள்வது கன்னடத்தில்தான். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

“என் கன்னடம் போதுமா மேடம்?”

“எனக்குப் புரியுது. மத்தவங்களுக்கும் புரியும்.”

இதழைக் கையில் பிடித்துக்கொண்டு அலமாரி முன்னால் நின்றேன். அவர் போனில் எடுத்தார். “நம்ம இதிஹாச சஞ்சிகெ பந்திதெ, பன்னி” என்று சொல்லி முடித்தேன். நம்முடைய வரலாற்று இதழ் வந்திருக்கிறது, வாருங்கள் என்று அர்த்தம். அன்றைக்கே வீடியோவைப் போட்டுவிட்டார்கள்.

மறுநாள் காலை, காலேஜுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என் மகள் போனைப் பார்த்தபடி சமையலறைக்கு வந்தாள்.

“அம்மா, நீ சஞ்சிகென்னு சரியா சொல்லல.”

“என்ன கண்ணு, சரியாத்தான சொன்னேன்?”

“இல்ல. அந்த ‘சி’ கெட்டியா வரணும், பச்சைல வர்ற மாதிரி. நீ இஞ்சி மாதிரி சொல்லிட்டே. சஞ்ஜெகென்னு கேக்குது. ஸ்டேட்டஸ்ல எல்லாம் போட்டிருக்காங்க, நோடு, இங்க பாரு.”

அடுப்பை அணைத்துவிட்டு அவள் போனை வாங்கிப் பார்த்தேன். கன்னடத்தில் சஞ்ஜெகெ என்றால் சாயங்காலத்துக்கு. நம்முடைய வரலாறு சாயங்காலத்துக்கு வந்திருக்கிறது, வாருங்கள் என்று ஊருக்கே சொல்லியிருக்கிறேன். எங்கள் பக்கத்தை வழக்கமாக யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. இந்த வீடியோவின் கீழே மட்டும் கருத்துகள் நீண்டுகொண்டே போயின. சாயங்காலம் எத்தனை மணிக்கு என்று ஒருவர். போண்டா உண்டா என்று இன்னொருவர். நடுவில் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. கன்னடம் தெரிந்த ஆளே கிடைக்கவில்லையா என்று எழுதியிருந்தார்.

மொழி விஷயத்தில் ஒரு வார்த்தை எப்படியெல்லாம் பெரிதாகும் என்று பார்த்தவள் நான். காவிரித் தண்ணீர் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் பஸ்ஸில் போன் வந்தாலும் தமிழில் பேசாமல் வருகிறவள். வேலை போய்விடுமோ என்பதைவிட, பேராசிரியைக்கு என்னால் தலைக்குனிவு வந்துவிட்டதே என்பதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

அலுவலகத்தில் அவர் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்.

“மேடம், அந்த வீடியோவை எடுத்துடச் சொல்லுங்க. என் நாக்கு அப்படி. மன்னிச்சிடுங்க.”

“நானும் பார்த்தேன்” என்றார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, “கவுண்ட்டரை எப்ப மூடறோம்?” என்று கேட்டார்.

“அஞ்சு மணிக்கு.”

“இன்னைக்கு மூட வேண்டாம். சாயங்காலம்னுதானே சொன்னீங்க, சாயங்காலமே திறந்து வைப்போம்.”

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் போனை எடுத்து வீடியோவின் கீழே பதில் எழுதினார். ஆமாம், சாயங்காலம்தான், ஏழரை வரை கவுண்ட்டர் திறந்திருக்கும், இதழாசிரியரும் இருப்பார், வாருங்கள் என்று.

ஐந்தரை ஆயிற்று. யாரும் இல்லை. நான் அலமாரியைத் துடைத்ததையே மறுபடி துடைத்தேன். பேராசிரியை விடைத்தாள் கட்டைப் பிரித்துத் திருத்த ஆரம்பித்தார். ஆறு மணிக்கு மேல் ஒரு கணவனும் மனைவியும் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார்கள். இரண்டு பேரும் பள்ளிக்கூட ஆசிரியர்கள்.

“வீடியோல பேசினது நீங்கதானே?” என்றார் அந்தம்மா.

“ஆமாங்க” என்றேன்.

“நல்லதாப் போச்சு. பகல்ல எங்களால வர முடியாது. பள்ளிக்கூடம் விட்டு வந்தா உங்க கதவு பூட்டியிருக்கும். எத்தனையோ தடவை திரும்பிப் போயிருக்கோம்.”

அதற்குப் பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். ஒரு வங்கி ஊழியர், ஹாஸ்டலில் இருந்து நடந்தே வந்த ஆராய்ச்சி மாணவிகள், நஞ்சன்கூட்டுப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் முடித்து வந்தவர் ஒருவர். ஏரிகளைப் பற்றிய ஒரு கட்டுரையை வைத்து வங்கிக்காரருக்கும் பேராசிரியைக்கும் வாக்குவாதம் வந்து, இரண்டு பேரும் சந்தோஷமாகச் சண்டை போட்டார்கள். நான் பில் போட்டுக்கொண்டே இருந்தேன். என் உச்சரிப்பைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. தொழிற்சாலைக்காரர் மட்டும் கிளம்பும்போது தமிழில், “எந்த ஊருங்க நீங்க?” என்று கேட்டார். சொன்னேன். அவருக்கு ராமாபுரமாம், அதே செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம்.

மூடும்போது பேராசிரியை, “இனிமே வாரத்துல ஒரு நாளாவது சாயங்காலம் திறக்கணும். நான் மேலே எழுதறேன்” என்றார். பிறகு, “அடுத்த இதழுக்கும் நீங்கதான் பேசப் போறீங்க” என்றும் சொன்னார்.

“சரி மேடம்” என்று உடனே சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

அந்தக் கடுமையான கருத்து இன்னும் அங்கேயே இருக்கிறது. எழுதியவர் வந்தாரா, வாங்கினாரா, தெரியாது. அன்றைக்கு பஸ் ஸ்டாப்புக்கு நடக்கும்போது திடீரென்று நல்ல பசி எடுத்தது. எதிரில் இருந்த ஹோட்டலுக்குள் போய் செட் தோசை சொன்னேன். மகளுக்குப் போன் போட்டு, அக்கம்பக்கம் பார்க்காமல், நடந்ததையெல்லாம் தமிழிலேயே சொல்லிக்கொண்டு நிதானமாகச் சாப்பிட்டேன்.